எந்த வண்டியும், எல்லா வண்டியும்

என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேப்பரை எடுத்து வருவதில்லை, கோபத்தை மட்டும் எடுத்து வருகிறார்கள். குன்னூரில் வக்கீலாக எனக்கு அதிகம் வருவது வாகன வழக்குகள்தான். விபத்து இழப்பீடு, லைசென்ஸ் முடக்கம், பெர்மிட் தகராறு. கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஊரில் இந்த வேலைக்குப் பஞ்சம் கிடையாது. வந்து உட்கார்ந்ததும் யாரும் "எனக்கு நஷ்டம்" என்று ஆரம்பிப்பதில்லை. "அவன விட்டுட்டாங்க, என்னை மட்டும் புடிச்சிட்டாங்க வக்கீலம்மா" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

அதே வசனத்தை என் வீட்டு ஹாலிலும் கேட்கிறேன், ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில். அக்கா மகன், லூயிஸ் ஹாமில்டன் என்ற ஓட்டுநரின் பக்தன். அவனோடு உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கும் இந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது.

2021 டிசம்பர் 12-ஐ மறக்க முடியாது. அந்த வாரம் குன்னூரே துக்கத்தில் இருந்தது. நான்கு நாள் முன்புதான் காட்டேரிப் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் ஜெனரல் பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்திருந்தது. ஊரில் யாருக்கும் சத்தமாகப் பேசவே மனமில்லை. மாலை ஆறரைக்கு டிவியைப் போட்டதுகூட, வேறு எதையாவது பார்த்தால் தேவலை என்றுதான். எட்டு மணிக்கு எங்கள் வீட்டிலிருந்து எழும்பிய சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டிவிட்டார்.

பார்க்காதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அபுதாபியில் அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் ஆளுக்கு 369.5 புள்ளிகளோடு சமமாக வந்து நின்றார்கள். மொத்தம் 58 லேப், அதாவது சுற்று. ஹாமில்டன் நிம்மதியாக முன்னால் போய்க்கொண்டிருக்க, 53-ஆவது லேப்பில் லத்திஃபி என்ற கனடா ஓட்டுநரின் கார் சுவரில் மோதியது. விபத்து நடந்தால் எல்லோரையும் மெதுவாகத் தன் பின்னால் வர வைக்கும் சேஃப்டி கார் வந்தது. வெர்ஸ்டாப்பன் உள்ளே போய்ப் புது டயர் மாட்டிக்கொண்டார்; ஹாமில்டனுக்குப் பழைய டயர்தான். இருவருக்கும் நடுவே ஒரு லேப் பின்தங்கிய ஐந்து கார்கள். முதலில் அவை முந்திப் போகக்கூடாது என்று அறிவிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த ஐந்து மட்டும் முந்திப் போகலாம் என்று மாறியது. பின்தங்கிய மற்ற கார்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கடைசிக் கார் முந்திய பிறகு அடுத்த லேப்பின் முடிவில்தான் சேஃப்டி கார் விலக வேண்டும் என்பது விதி. அதற்கு முன்னாலேயே அது விலகியது. மிச்சமிருந்த ஒரே லேப்பில் புது டயர் பழைய டயரைத் தாண்டிப் போனது, அதோடு உலகக் கோப்பையும்.

"ஏமாத்திட்டாங்க சித்தி. கேஸ் போட முடியாதா?" என்றான். அப்போது அவன் பன்னிரண்டாம் வகுப்பு.

கட்சிக்காரர்களிடம் கேட்கும் கேள்வியைத்தான் அவனிடமும் கேட்டேன். விதி மோசமானதா, இல்லை விதியை நடத்தினவர் தப்பு செய்தாரா? இரண்டும் வேறு வேறு வழக்கு. கோபத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

இந்தப் பந்தயங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. ஒரு நல்ல காரியம் செய்கிறது. பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகளின் ஒவ்வொரு தீர்ப்பையும் எழுத்தில் வெளியிடுகிறது, அதுவும் பெரும்பாலும் ஓரிரு பக்கத்துக்குள். ஹாமில்டனின் அணியான மெர்சிடிஸ் அன்று இரவே ஆட்சேபணை கொடுத்தது, அன்று இரவே தள்ளுபடி ஆனது. அந்தத் தீர்ப்பை நானும் அவனும் படித்தோம். விதி 48.12, பின்தங்கிய 'எந்த' வண்டியும் முந்திப் போக வேண்டும் என்றது. 'எந்த' என்றால் 'எல்லா' என்று அர்த்தமில்லை என்பது வெர்ஸ்டாப்பனின் அணியான ரெட் புல் தரப்பு வாதம். சிரிக்காதீர்கள், எங்கள் கோர்ட்டிலும் ஒரு சொல்லுக்காக இரண்டு வருடம் வாய்தா வாங்கியவர்கள் உண்டு. ஸ்டூவர்டுகள் அதைவிட 15.3-ஐப் பிடித்துக்கொண்டார்கள். சேஃப்டி காரைப் பயன்படுத்துவதில், பந்தயத்தை நடத்தும் தலைமை அதிகாரியான ரேஸ் டைரக்டருக்கு மேலோங்கிய அதிகாரம் உண்டு என்பது அந்த விதி.

என் அபிப்பிராயத்தில் இங்கேதான் சறுக்கல். 15.3-ஐ முழுக்கப் படித்தால், களத்தை நடத்தும் இன்னொரு அதிகாரிக்கு மேலே ரேஸ் டைரக்டரை உட்கார வைக்கிறது, அவ்வளவுதான். விதிப்புத்தகத்துக்கு மேலே உட்கார வைக்கவில்லை. ஒரு காரியத்தை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று தனி விதி இருக்கும்போது, பொது அதிகாரத்தைக் காட்டி அதைத் தாண்டக்கூடாது என்பது சட்டக் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம். போதாததற்கு, முடிவெடுக்க வேண்டிய அந்த நிமிடங்களில் இரண்டு அணித் தலைவர்களும் ரேடியோவில் ரேஸ் டைரக்டர் மைக்கேல் மாசியிடம் நேரடியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு எழுதும்போது இரு தரப்பும் நீதிபதிக்குப் போன் போடுவது போல. அந்த வழக்கத்தை அடுத்த ஆண்டே நிறுத்தினார்கள். மாசி 2022 பிப்ரவரியில் பதவியிலிருந்து மாற்றப்பட்டார். மார்ச்சில் வந்த அறிக்கை, நடந்தது மனிதத் தவறு என்றும் அவர் நல்லெண்ணத்தோடுதான் செயல்பட்டார் என்றும் சொன்னது. முடிவு அப்படியே நின்றது. விதியில் 'எந்த' போய் 'எல்லா' வந்தது.

அப்படியானால் மெர்சிடிஸ் ஏன் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை என்று பையன் இன்றுவரை கேட்கிறான். நோட்டீஸ் கொடுத்துவிட்டு நான்கு நாளில் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். வழக்கில் ஜெயித்தாலும் கேட்கிற நிவாரணம் கிடைக்குமா என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போன கட்சிக்காரர்கள் என்னிடமும் உண்டு.

இதற்கு நேர் எதிர், 2023 நவம்பரில் லாஸ் வேகஸில் நடந்தது. சாலையில் பதித்திருந்த வால்வு மூடி ஒன்று பெயர்ந்து கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரியை அடியிலிருந்து கிழித்தது. ஓட்டுநர் மேலும் தப்பில்லை, அணி மேலும் தப்பில்லை. ஆனால் கெட்டுப்போன பேட்டரியை மாற்றியதும், அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது என்று தொடக்க வரிசையில் 10 இடம் பின்னால் தள்ளினார்கள். அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. விலக்கு அளிக்கும் அதிகாரம் எங்களுக்கு இருந்திருந்தால் அளித்திருப்போம், விதி இடம் கொடுக்கவில்லை என்று ஸ்டூவர்டுகளே எழுதியிருந்தார்கள். இங்கே நடத்தினவர் மேல் குறையில்லை, விதிதான் மோசம். இதற்கு ஸ்டூவர்டைத் திட்டிப் பிரயோஜனமில்லை. விதி எழுதுகிறவரின் கதவைத் தட்ட வேண்டும். (அன்று இரவு டிக்கெட் வாங்கி வந்தவர்களை இரண்டாவது பயிற்சி தொடங்குமுன் வெளியே அனுப்பிவிட்டு, காலி கேலரிக்கு முன்னால் காரை ஓட்டினார்கள். நம் ஊரில் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று ஒரு மனு போட்டிருப்பேன்.)

ரசிகர்கள் அதிகம் சொல்வது, "போன வாரம் அவன் இதையே செஞ்சான், அவனுக்கு ஒண்ணுமில்ல" என்பது. போலீஸ் நிறுத்திய வண்டிக்காரர்கள் சொல்வதும் இதுதான். சட்டத்தில் இது பெரும்பாலும் செல்லாது. இன்னொருவரைத் தப்பாக விட்டுவிட்டார்கள் என்பதற்காக, உங்களையும் தப்பாக விடச் சொல்லிக் கேட்க முடியாது. ஆனால் நூலிழையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 2023 மார்ச்சில் ஜெட்டாவில் அலோன்ஸோ தண்டனை நேரத்தைக் கழிக்க, காரில் யாரும் வேலை செய்யாமல் நிற்க வேண்டியபோது, காரைத் தூக்கும் பின்பக்க ஜாக் அதைத் தொட்டது என்று சொல்லி, மேடையேறிய பிறகு அவரது மூன்றாம் இடத்தைப் பறித்தார்கள். அவருடைய அணி சீராய்வு கேட்டு, முன்பு ஜாக் தொட்டும் தண்டிக்காத ஏழு சம்பவங்களின் வீடியோவைக் கொண்டுபோய்க் காட்டியது. "அவனையும்தானே விட்டீர்கள்" என்பது அதன் வாதம் அல்ல. ஜாக் தொடுவதைக் காரில் வேலை செய்வதாக இதுவரை யாரும் கொண்டதே இல்லை, ஆகவே விதிக்கு அர்த்தமே அதுவல்ல என்பதுதான் வாதம். மூன்றாம் இடம் திரும்பக் கிடைத்தது. நம் சிவில் சட்டத்தின் சீராய்வு மனுவும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். புதிதாக ஒன்று வேண்டும், முக்கியமானதாக வேண்டும், முன்பே கையில் கிடைக்காததாகவும் இருக்க வேண்டும். அழுகையும் ஆத்திரமும் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அபுதாபிக்குப் பிறகு லத்திஃபிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. சுவரில் மோதியதுதான் அவர் செய்த குற்றம். அக்கா மகனின் நண்பன் ஒருவனும் பொய்ப்பெயர்க் கணக்கிலிருந்து எதையோ எழுதி வைத்திருந்தான். காட்டினான், அழிக்கச் சொன்னேன். இணையத்தில் எழுதுவதைத் தண்டித்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ-வைத்தான் உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்டதே என்று வாதாடினான், கெட்டிக்காரன். அது போனாலும் மிரட்டல் குற்றம் போகவில்லை. இப்போது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆவது பிரிவில் இருக்கிறது. பெயரை மறைத்து மிரட்டினால் அதன் மேல் கூடுதலாக இரண்டு ஆண்டு வரை தண்டனை. கல்லூரி சேரப் போகிற வயதில் யாரோ ஒரு கனடாக்காரருக்காக இது தேவையா?

சரி, என் கட்சிக்காரர் ஒருவருக்கு வருகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். டாக்சி ஓட்டுகிறார். குறுகலான இடத்தில் ஏறி வந்துகொண்டிருந்தார், எதிரே இறங்கி வந்த சுற்றுலாக்காரரின் கார் நிற்கவில்லை, உரசல். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவர் வழிவிட வேண்டும். எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், விதியிலும் இருக்கிறது. ஆனால் லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கியது இவருக்கு. சுற்றுலாக்காரர் அபராதம் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

முதல் அரைமணி நேரம் அந்த இன்னொருவரைப் பற்றியேதான் பேசினார். டீ வந்தது, வர்க்கி வந்தது, பேச்சு மாறவில்லை. "அண்ணா, அவரை விட்டது உங்க கேஸே இல்ல. ஆர்டர் எங்கே?" என்றேன். டாஷ்போர்டில் இருக்கிறது என்றார். போய் எடுத்து வந்தார். நான்கு வரி. அவரைக் கூப்பிட்டு விசாரித்ததாக ஒரு சொல் இல்லை, காரணமும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 19-ஆவது பிரிவின்படி, உங்கள் தரப்பைக் கேட்காமலும் காரணத்தை எழுத்தில் பதியாமலும் லைசென்ஸில் கை வைக்கக்கூடாது. ஆர்டர் கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அவர் வந்தது 24-ஆவது நாள். கோபத்திலேயே இருபத்துச் சொச்சம் நாளைக் கழித்துவிட்டார்.

அதே நேரத்தில்தான், பெனால்டிக்கான வழிகாட்டு நெறிகளை எஃப்.ஐ.ஏ. 2025-ல் பொதுவில் வெளியிட்ட செய்தியை அக்கா மகன் அனுப்பினான். எந்தத் தப்புக்கு எவ்வளவு தண்டனை என்பது இனி எல்லோருக்கும் தெரியும் என்று அவனுக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

டாக்சிக்காரரின் மேல்முறையீட்டில் அந்த ஆர்டர் ரத்தானது, அவரை விசாரித்துப் புதிதாக முடிவெடுக்கச் சொல்லி. அவருக்கு அது பிடிபடவில்லை. "அப்ப ஜெயிச்சிட்டமா, தோத்துட்டமா?" என்று இரண்டு தடவை கேட்டார். வரும் வியாழக்கிழமை விசாரணை. அன்று வளைவில் எடுத்த போட்டோக்களைப் போனில் காட்டாமல், பிரிண்ட் போட்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.