முன்னால் ஒன்றுமே இல்லை, பிறகு ஏன் நின்றோம்?

தினமும் காரில் வேலைக்குப் போய்வரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "முக்கால் மணி நேரம் ஊர்ந்து போனோம். ஏதோ விபத்து, இல்லையென்றால் லாரி பழுதாகி நிற்கிறது என்று நினைத்தேன். திடீரென்று வழி திறந்துவிட்டது. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. அப்படியானால் எதற்காக நின்றோம்?"

சிக்னல், குறுகலான பாலம், நடுச்சாலையில் நிறுத்திய வண்டி என்று காரணம் கண்ணுக்குத் தெரிகிற நெரிசல்களை விட்டுவிடலாம். காரணமே இல்லாமல் வருகிற நெரிசல்தான் சுவாரசியமானது. அதைச் சோதனை வைத்தே காட்டிவிட்டார்கள் ஜப்பானில். நகோயா பல்கலைக்கழகத்தின் யூகி சுகியாமா குழுவினர் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டார்கள். சிக்னல் இல்லை, திருப்பம் இல்லை, முந்துவதும் இல்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், முன்வண்டியோடு பாதுகாப்பான இடைவெளி விட்டு ஓட்டுங்கள் என்பதுதான் ஓட்டுநர்களுக்குச் சொல்லப்பட்டது. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் ஓரிடத்தில் சில கார்கள் நெருங்கின, பிறகு முழுதாக நின்றே போயின. 2008-இல் வெளியான இந்தச் சோதனையின் வீடியோவைப் பார்த்தால், கார்கள் முன்னால் போக, நெரிசல் மட்டும் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்.

இது எப்படி நடக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், நிதானமாகப் பார்ப்போம்.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வரிசை போகிறது. வண்டிக்கு வண்டி இடைவெளி 10 மீட்டர்தான். முதல் வண்டிக்காரர் எதையோ பார்த்து பிரேக்கை லேசாகத் தொடுகிறார், வேகம் 50 ஆகிறது. பின்னால் வருபவர் சிவப்பு விளக்கைக் கண்டு காலை மாற்றி பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒரு விநாடி ஆகும். மணிக்கு 10 கிலோமீட்டர் வித்தியாசம் என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டர். ஆகவே அவர் சுதாரிப்பதற்குள் 10 மீட்டர் இடைவெளி 7 ஆகிவிட்டது. இப்போது அவரும் 50-க்கு இறங்கினால் போதாதா? போதாது. முன்வண்டியின் வேகத்துக்கே வந்தால் இடைவெளி 7 மீட்டரிலேயே நிற்கும். இழந்த 3 மீட்டரைத் திரும்பப் பெற வேண்டுமானால், முன்வண்டியைவிட மெதுவாகப் போயே ஆகவேண்டும். எனவே 45-க்கு இறங்குகிறார். மூன்றாமவர் கண்ணுக்குத் தெரிவது 15 கிலோமீட்டர் சரிவு. அவருக்கும் அதே ஒரு விநாடித் தாமதம். அவர் 38-க்குப் போகிறார். நான்காமவர் 28. இப்படியே போனால், வரிசையில் எங்கோ ஒருவருடைய வேகம் பூஜ்யம்.

லேசாக பிரேக்கைத் தொட்ட அந்த முதல் மனிதருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. இந்நேரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.

சரி, நின்றாயிற்று. நின்ற கூட்டம் கலையும்போதும் அதே தாமதம்தான். நெருங்கி நிற்கும் வரிசையில் ஒரு வண்டி அடைத்துக்கொள்ளும் இடம் ஏறத்தாழ 7 மீட்டர். முன்வண்டி நகர்ந்த பிறகு அடுத்தது நகர ஒன்றரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 7 மீட்டரை ஒன்றரை விநாடியால் வகுத்தால், புறப்படும் சேதி மணிக்கு சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் போகிறது என்று வரும். நெடுஞ்சாலைகளில் அளந்து பார்த்தாலும் நெரிசல் அலையின் வேகம் 15-இலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. முன்முனையில் வண்டிகள் கழன்றுகொள்ள, பின்முனையில் புது வண்டிகள் வந்து சேர, நெரிசல் அப்படியே பின்னால் நகர்ந்துவிடுகிறது. நம் வாசகர் வெளியே வந்து பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லாததற்கு இதுதான் காரணம். 1955-இல் லைட்ஹில், விட்டம் என்ற இரு கணித அறிஞர்கள் இந்த அலைக்குச் சமன்பாடு எழுதினார்கள். நீண்ட ஆறுகளில் வெள்ளம் எப்படி நகர்கிறது என்பதற்கும் அதே கையோடு அவர்கள் எழுதியதுதான் இது.

சிக்னலில் பச்சை விழுந்த அரை விநாடியில் ஹார்ன் அடிக்கிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுக்கலாம். பதினைந்தாவதாக நிற்பவருக்குப் புறப்படும் சேதி வந்து சேர 20 விநாடிக்கு மேல் ஆகும். ஹார்ன் ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும்தான், ஆனால் முன்னால் இருப்பவருக்கு முன்னால் இடம் இருந்தால்தானே அவர் நகர முடியும்!

குறுக்கே நுழைகிறவர் கதை இன்னும் மோசம். ஒரு லேனில் மணிக்கு சுமார் 2,000 வண்டிகள் போகலாம். அதாவது வண்டிக்கு 2 விநாடிகூட இல்லை. இருவருக்கு நடுவே புகுந்தவர் சம்பாதித்தது அவ்வளவுதான். ஆனால் பின்னால் வருபவரின் இடைவெளியை ஒரே நொடியில் பாதிக்கும் கீழே குறைத்துவிடுகிறார். அங்கே ஒரு புது அலை பிறக்கிறது. "இடைவெளி விட்டால் எல்லோரும் புகுந்துவிடுவார்களே" என்று முன்வண்டியை ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கும் அதே கணக்கு. பத்துப் பேர் புகுந்தாலும் நஷ்டம் 20 விநாடி.

பக்கத்து லேன் எப்போதும் வேகமாகப் போகிறது என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். ரெடல்மயர், டிப்ஷிரானி என்ற கனடா ஆய்வாளர்கள் 1999-இல் இதை விளக்கினார்கள். நாம் முந்தும்போது பக்கத்து வண்டிகள் நெருங்கி நிற்பதால் சட்டென்று பலவற்றைக் கடந்துவிடுகிறோம். அவர்கள் முந்தும்போது இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் கடக்கிறார்கள், நெடுநேரம் ஆகிறது. இரண்டு லேனின் சராசரி வேகமும் ஒன்றாகவே இருந்தாலும், முந்தப்படும் நேரம்தான் அதிகம். அதை நம்பி லேன் மாறுகிறவர் இன்னொரு அலையைக் கிளப்பிவிட்டுப் போகிறார்.

நெரிசல் என்றதும் மேம்பாலத்துக்குப் பணம் ஒதுக்குவது எளிது, திறப்பு விழா நடத்தலாம். ஒரு கணிதத் துறைக்குக் கார்களும் கேமராக்களும் வாங்கிக் கொடுத்தால் யார் ரிப்பன் வெட்டுவது? என்னைக் கேட்டால், பாலத்தின் ஒரு தூண் செலவை இந்த ஆராய்ச்சிக்குத் தரலாம். பெரும்பாலான கணித மாதிரிகள் லேனில் வரிசையாகப் போகிற கார்களை வைத்தே எழுதப்பட்டவை. பைக்கும் பஸ்ஸும் சந்து கண்ட இடத்தில் புகுந்து போகிற சாலைக்கு அவை அப்படியே பொருந்தா.

இந்த ஆராய்ச்சியில் பலன் இல்லாமலும் இல்லை. நகோயா சோதனையை அமெரிக்காவின் அரிசோனாவில் திரும்பச் செய்தபோது, இருபதுக்குச் சற்று மேற்பட்ட கார்களில் ஒன்றே ஒன்றைத் தானியங்கியாக ஓடவிட்டார்கள். அது முன்வண்டியைத் துரத்தாமல், கூட்டத்தின் சராசரி வேகத்தை ஒட்டியே போயிற்று. முன்னால் இருப்பவர் விரைந்தால் இடைவெளி வளரும், அவர் நின்றால் அந்த இடைவெளியே சரிவை விழுங்கிவிடும். அலை அடங்கியது, மொத்த எரிபொருள் செலவு 40 சதவீதம் வரை குறைந்தது.

ஆனால் இடைவெளியைத் தானே பார்த்துக்கொள்ளும் வசதியுள்ள கார் வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். விற்பனையில் இருந்த ஏழு மாடல்களை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தபோது, முன்வண்டியின் சிறு வேகச் சரிவை ஏழுமே பெரிதாக்கித்தான் பின்னால் அனுப்பின.