பொன்னுக்கு வீங்கி என்று நினைத்தார்கள்

ஏழு வயதுப் பையன். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கி, தாடை எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அந்த வீக்கத்தின் மேல் பாட்டியின் தங்கச் சங்கிலி. பொன்னுக்கு வீங்கி என்று நினைத்து இரண்டு நாளாகப் போட்டு வைத்திருந்தார்கள். நம் ஊரில் பலரும் செய்வதுதான், அந்தப் பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பையனின் குரல் கம்மியிருந்தது, எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். டான்சிலில் தொடங்கி உள்நாக்கு வரைக்கும், அழுக்கு வெள்ளையில் தோல் போல ஒரு படலம்.

தொண்டை அடைப்பான். டாக்டர்கள் டிப்தீரியா என்போம். குழந்தை மருத்துவனாக இத்தனை வருடத்தில் நான் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் ஆசிரியர்களோ வார்டு வார்டாகப் பார்த்தவர்கள்.

இந்தக் கிருமி பெரும்பாலும் தொண்டையோடு நின்றுவிடும். அது சுரக்கும் நச்சுதான் ரத்தத்தில் கலந்து இதயத்துக்கும் நரம்புக்கும் போகிறது. காய்ச்சல்கூடப் பெரிதாக இருக்காது. தொண்டை தெளிந்து, குழந்தை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கும் நேரத்தில், இரண்டாவது வாரத்தில், இதயம் தடுமாறக்கூடும். “நல்லாத்தானே இருக்கான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோமே” என்று கேட்டாலும் நாங்கள் அனுப்பாதது அதனால்தான்.

நச்சுதான் ஆளைக் கொல்கிறது என்று 1888-ல் பாரிஸில் ரூ, யெர்சின் இருவரும் காட்டினார்கள். இரண்டே வருடத்தில் பெர்லினில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் நச்சு ஏற்றிய விலங்கின் ரத்தத்தில் அதற்கான முறிமருந்து உருவாவதைக் கண்டார்கள். பிறகு அதைக் குதிரைகளிடமிருந்து எடுத்தார்கள். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு, 1901-ல், இதற்காகத்தான் பேரிங்குக்குப் போனது. அன்று இரவு நாங்கள் அலைந்து திரிந்து வாங்கியதும் அதே குதிரைச் சீரம்தான். அதற்கு ஒரு எல்லை உண்டு. ரத்தத்தில் ஓடுகிற நச்சை மட்டுமே அது பிடிக்கும், செல்லுக்குள் புகுந்துவிட்டதை ஒன்றும் செய்யாது. ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலும் நஷ்டம்தான்.

நோய் வந்த பிறகு ஓடுவதைவிட வராமலே தடுக்க வழி காட்டியவர் பிரெஞ்சு ஆய்வாளர் காஸ்தோன் ரமோன். 1920-களில், அந்த நச்சை ஃபார்மலின் கலந்து மிதமான சூட்டில் வைத்திருந்தால் விஷம் போய்விடுகிறது, எதிர்ப்பைத் தூண்டும் குணம் மட்டும் மிஞ்சுகிறது என்று கண்டுபிடித்தார். உங்கள் குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் தொடையில் போடும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பு ஊசியில் இருப்பது அதுவேதான்.

சரி, அப்படியென்றால் இந்தப் பையனுக்கு ஏன் வந்தது? அம்மாவிடம் ஊசி அட்டையைக் கேட்டேன். பத்திரமாக வைத்திருந்தார். 6, 10, 14 வாரம், ஒன்றரை வயது எல்லாவற்றிலும் தேதி இருந்தது. ஐந்து வயதுக் கட்டம் மட்டும் காலி. “ஸ்கூல் சேர்க்குற அவசரத்துல விட்டுப்போச்சு டாக்டர்” என்றார்.

நான் அடிக்கடி பார்க்கும் காலிக் கட்டம் இது. இந்த ஊசி தரும் பாதுகாப்பு வருடம் ஆக ஆகத் தேய்கிறது. 5 வயதில் டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் மூன்றுக்கும்), பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் டிடி (Td: டெட்டனஸ், தொண்டை அடைப்பான் இரண்டுக்கும்) ஊசி அதைத் திரும்பத் தூக்கி நிறுத்துகின்றன. 1990-களில், உடைந்த சோவியத் நாடுகளில் குழந்தைகளுக்குப் போடுவதும் தளர்ந்து, பெரியவர்களின் பாதுகாப்பும் தேய்ந்திருந்தபோது, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்த நோய் வந்தது. அவர்களில் வளர்ந்த ஆட்கள் ஏராளம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், 2016-ல் பக்கத்துக் கேரளாவின் மலப்புரத்தில் பிள்ளைகள் இதே நோயில் இறந்தார்கள்.

விட்டுப்போயிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போடலாம். ஏழு வயது தாண்டினால் டிபிடிக்குப் பதில் டிடி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான். இன்றைக்கே அட்டையை எடுத்து ஐந்து வயதுக் கட்டத்தையும் அதற்குப் பிந்தைய கட்டங்களையும் பாருங்கள்.

பையன் பிழைத்தான். மூன்று வாரம் படுக்கையில் வைத்திருந்தோம். வீட்டுக்குப் போகும் நாளில் நர்ஸ் ஊசியோடு வந்தபோது பாட்டி தடுத்தார். “வந்து போன நோவுக்கு எதுக்கு சாமி ஊசி?” அம்மை மாதிரி இது ஒருமுறை வந்தால் திரும்ப வராது என்று சொல்ல முடியாது, உடம்பு இந்த நச்சை அடையாளம் வைத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது என்று விளக்கினேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் அவரே பேரனின் சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டார்.