வெறுப்புப் பேச்சுச் சட்டம் எங்கே சறுக்குகிறது?

2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்தில் திகனை, தெல்தெனியப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, ஆட்களைத் திரட்டும் பதிவுகள் பேஸ்புக்கில் ஓடிக்கொண்டிருந்தன. அத்தகைய பேச்சைத் தண்டிக்கச் சட்டம் இல்லாமலில்லை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், சுருக்கமாக ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம், பாகுபாட்டையோ பகையையோ வன்முறையையோ தூண்டும்படி இன, மத வெறுப்பைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. உச்ச தண்டனை 10 ஆண்டு கடூழியச் சிறை.

யாரோ ஒருவர் மனம் புண்பட்டால் போதாது; தூண்டுதல் இருக்கவேண்டும். அதை அளக்க ஐ.நா.வின் 2012 ரபாத் செயற்திட்டம் ஆறு விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசியவரின் செல்வாக்கு, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், பரவிய அளவு, தீங்கு நேரும் வாய்ப்பு. நல்ல சல்லடைதான். ஆனால் அதைப் பிடிப்பது வழக்கு விசாரணையின்போது. ஆளைப் பிடிப்பதோ முதல் நாளே. இச்சட்டத்தின்கீழ் நீதவான் பிணை தரமுடியாது. மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விசேட காரணம் இருந்தால்தான் தரும். எனவே தீர்ப்புக்கு முன்பே விளக்கமறியல் தண்டனையாகிவிடுகிறது.

2019 மேயில் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். அவர் உடையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். பொலிஸார் கண்ணுக்கு அது பௌத்தச் சின்னமான தர்மச்சக்கரம். ஆறில் ஒன்றைக் கேட்டிருந்தாலே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். 2020 ஏப்ரலில் கட்டுகஸ்தோட்டையில் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர், பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு சிந்தனைரீதியான ஜிஹாத் செய்யுங்கள் என்று எழுதினார். ‘ஜிஹாத்’ கண்ணில் பட்டது, பேனா படவில்லை. ஐந்து மாதம் உள்ளே. அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதாக நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் சொன்னது 2023இல்.

கருவியை அதற்குரியதல்லாத இடத்தில் போடுவது வெளிநாடுகளிலும் உண்டு. யூத வெறுப்புக்கு, யூத இனப்படுகொலையை நினைவுகூரும் நாடுகளின் கூட்டமைப்பான ஐ.எச்.ஆர்.ஏ. 2016இல் ஏற்ற வரையறையில் 11 உதாரணங்கள் உள்ளன. சில இஸ்ரேல் மீதான விமர்சனத்தைத் தொடுபவை. சட்டப் பிணைப்பற்றது என்று அதுவே சொல்கிறது. தரவு சேகரிக்க எழுதியதைப் பல்கலைக்கழகப் பேச்சை அடக்கப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார் அதன் முதன்மை வரைவாளர் கென்னத் ஸ்டெர்ன்.

மலையகத்தில் யாராவது இப்படிக் கைதானால், ஹட்டன் நீதவானிடம் பிணை கேட்டு நாளைக் கடத்தவேண்டாம். சட்டத்தரணி நேரே மேல் நீதிமன்றத்துக்குப் போகட்டும். ஆறு விடயங்களையும் பிணை மனுவிலேயே எழுதலாம். பதிவின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. திகதி, மேலே கீழே உள்ள கருத்துகள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்பது எல்லாம் சேர்ந்திருக்கவேண்டும்.