பூக்காத கஞ்சாச் செடிக்கும் வழக்கு உண்டு

“சேர், அது இன்னும் பூக்கவே இல்லை. வெறும் இலைதானே, அதுக்கும் கேஸ் போடுவினமோ?”

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் போதைப்பொருள் வழக்குகளுக்கு ஆஜராகும் சட்டத்தரணிகளுக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் பொடியனின் அப்பா, இல்லாவிட்டால் வீட்டை வாடகைக்குக் கொடுத்தவர்.

பூக்காத செடிக்கு வழக்கில்லை என்ற இந்தக் கதை கடல் தாண்டி வந்தது. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம், கஞ்சா என்றால் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி என்கிறது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் அந்த வரைவிலக்கணம் விட்டுவிடுகிறது. இதை யூடியூப்பில் பார்த்துவிட்டு நம்மவர்களும் சட்டம் பேசுகிறார்கள். அங்கேயும் செடியை வளர்ப்பது தனிக் குற்றம் என்பது மட்டும் யாருடைய காதிலும் விழுவதில்லை. இங்கே இலங்கையில் நடைமுறையில் இருப்பது 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். அனுமதி இல்லாமல் செடியை விதைப்பது, நடுவது, வளர்ப்பது, வைத்திருப்பது எல்லாமே அதன்படி குற்றம். இலையும் விதையும்கூடத் தப்பாது.

பிறகு ஏன் பூவைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்? சாதாரண கண்ணுக்குச் செடியை நிச்சயமாகக் காட்டிக்கொடுப்பது அதுதான். பக்கத்து பல்கனியில் நொச்சியைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் போன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆவி பிடிக்க நாம் பறிக்கும் அதே நொச்சிதான்! அதற்கும் மூன்று, ஐந்து என விரல்போல் இலைகள். ஆனால் ஓரம் பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும், பூ இளம் ஊதா. கஞ்சா இலையின் ஓரம் அரத்தின் பல்போல இருக்கும். புளிச்சைக் கீரையும் ஏமாற்றும். அது பூத்தால் நடுவில் கருஞ்சிவப்பு வைத்த பெரிய வெளிர்மஞ்சள் பூ. கஞ்சாவுக்கோ இதழ் வைத்த பூவே கிடையாது.

இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவைப் பாருங்கள். பூ முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். அங்கே பச்சையாக இரண்டு கூரான செதில்கள் முன்பிருந்தே இருக்கும். அவற்றைப் பூ என்று எண்ண வேண்டாம். அவற்றின் பக்கத்தில் சின்னத் துளிபோன்ற உறை வந்து, அதிலிருந்து இரண்டு வெள்ளை மயிரிழைகள் நீண்டால் அது பெண் செடி. இழைக்குப் பதில் குட்டிக் காம்பில் பச்சை உருண்டைகள் கொத்தாகத் தொங்கினால் ஆண். வழக்கமாக ஆண்தான் முந்திக்கொள்ளும். அதுவரை எதிரெதிராக வந்த இலைகள் மாறி மாறி வரத் தொடங்கும். அப்புறம் மணம், தொடர்மாடியில் அதை மறைப்பது பெரும்பாடு. போதை தரும் பிசின் அதிகம் சேர்வது பெண் பூவில்.

“சின்னச் செடிதானே, பூக்க எத்தனையோ மாதம் ஆகும்” என்பதும் கொழும்பில் எடுபடாது. பகல் குறுகி இரவு நீளும்போதுதான் பெரும்பாலான வகைகள் பூக்கும். குளிர்நாடுகளில் கோடை முடியும்வரை அவை காத்திருக்க வேண்டும். நமக்கோ ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ பன்னிரண்டரை மணிநேரம்தான். வெளிநாட்டு விதை இங்கே முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடலாம்.

ஆயுர்வேதத்தில் கஞ்சா சேர்ந்த மருந்துகள் இருப்பது உண்மை. அதற்கான அனுமதி வைத்தியருக்கும் உரிய நிறுவனங்களுக்கும்தான். மருந்துச் சீட்டைக் காட்டி நாம் வீட்டில் சாடி வைக்க முடியாது.

வாடகை வீட்டில் இப்படியொரு செடி கண்ணில் பட்டால், பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஆலோசனை கேட்க வராதீர்கள்! அந்தக் கணமே அது உங்கள் கையிலுள்ள பொருளாகிவிடும். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள், பிறகு அவரோடு பொலிஸுக்குப் போகலாம். வளர்த்தது சொந்தப் பிள்ளை என்றாலும் முதலில் சட்டத்தரணிதான். பிள்ளை பாவிக்கவும் தொடங்கியிருந்தால், அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுத் தேசிய சபையின் 1927 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம்.