"அதான் கூகுள்ல இருக்கே!"

போன வாரம் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் உள்ள என் கடைக்குப் பூம்பாறையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். போனை மேஜைமேல் வைத்து, "குறிஞ்சிப் படமெல்லாம் காணோம் தம்பி, கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றார். 2018-இல் மலை நீலமாகப் பூத்துக் கிடந்தபோது வீட்டுக்காரரோடு போய் எடுத்த படங்கள். அவர் இப்போது இல்லை.

நடந்தது இதுதான். போனில் இடமில்லை என்று அது கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மே மாதம் லீவுக்கு வந்த பேரன், "அதான் கூகுள்ல இருக்கே பாட்டி" என்று சொல்லி, கூகுள் போட்டோஸைத் திறந்து, பழைய படங்களை மொத்தமாகத் தேர்வு செய்து அழித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். டீச்சர் கவனித்தது ஆவணியில். குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தேன், காலி.

இந்த வருஷம் இப்படி வந்தவர்களில் இவர் நாலாவது ஆள். நாலு பேரும் சொன்னது அதே வாக்கியம்.

ஐயா, அம்மா, ஒரு தடவை நிதானமாகக் கேளுங்கள். பேக்கப் போட்ட பிறகு கூகுள் போட்டோஸில் நீங்கள் பார்ப்பது போனுக்கும் கணக்குக்கும் சேர்த்து ஒரே பட்டியல். அங்கே ஒரு படத்தை அழித்தால் இரண்டு இடத்திலும் அழியும். கண்ணாடி முன் நிற்கும்போது இரண்டு ஆள் தெரிகிறது என்பதற்காக வீட்டில் இரண்டு பேர் இருப்பதாகக் கணக்கு சொல்வோமா? அழித்தது குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், 61-ஆம் நாள் நான் இல்லை, யார் வந்தாலும் முடியாது. போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்கென்றே அந்த ஆப்பில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' இருக்கிறது. அதைத் தொடுங்கள், குப்பைத்தொட்டிச் சின்னத்தைத் தொடாதீர்கள். டீச்சரிடம் நான் கேட்டதும் இதுதான்: "விதைக்கு எடுத்து வச்ச பூண்டை யாராவது சந்தைக்கு அனுப்புவாங்களா டீச்சர்?" அவருக்கு உடனே புரிந்தது. பேரனுக்குத்தான் புரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. கூகுளில் இலவச இடம் 15 ஜிபி, அதிலேயே ஜிமெயிலும் அடக்கம். 2021 ஜூனுக்கு முன்பு கொஞ்சம் தரம் குறைத்து எத்தனை படம் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று இருந்தது, இப்போது கிடையாது. இடம் நிறைந்துவிட்டால் பேக்கப் நின்றுவிடும். என்னிடம் வரும் பாதிப் போன்களில் அது எப்போதோ நின்றிருக்கிறது, சொந்தக்காரருக்கே தெரியாது. இப்போதே திறந்து பாருங்கள். படித்து முடித்த பிறகு அல்ல, இப்போதே.

யூடியூபில் பார்த்து ரெக்கவரி ஆப் இறக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு: இன்றைய போன்களில் உள்ளதெல்லாம் பூட்டுப் போட்டுத்தான் எழுதப்படுகிறது. அழிந்தால் சாவியும் போச்சு. கேமரா மெமரி கார்டு என்றால் கதை வேறு. அழிந்ததும் அதில் ஒரு படம்கூட மேற்கொண்டு எடுக்காமல் கொண்டுவந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

நம் ஊர் அப்சர்வேட்டரியில் 1904-லிருந்து சூரியனை எடுத்த படங்கள் கண்ணாடித் தகட்டிலும் ஃபிலிமிலும் இருக்கின்றன. அவற்றை டிஜிட்டலாக்கிய பிறகும் தகடுகளைக் குப்பையில் போடவில்லை. அதுதான் சேமிப்பு.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். முடிந்தால் இரண்டு, ஒன்று கீழே வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். மலையில் ஈரம் சும்மா விடாது. பீரோவில் போட்டுவைத்த கல்யாண டிவிடியில் பூஞ்சணம் படர்ந்து எத்தனையோ பார்த்துவிட்டேன். டிஸ்கைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜில்லென்று இருக்கும்போது எடுத்தவுடன் செருகாதீர்கள். காற்றடித்துக் கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் காப்பி போடாதீர்கள். பென் டிரைவை நம்பவே நம்பாதீர்கள்.

ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போது வருஷம் முதலில், மாதம் அடுத்து, அப்புறம் இடம்: '2018-09 பூம்பாறை குறிஞ்சி'. 'புதுசு', 'புதுசு 2', 'டீச்சர் போன் எல்லாம்' என்று வைத்தால் கடவுளே வந்தாலும் தேட முடியாது. கூகுளின் பிகாசா என்ற போட்டோ மென்பொருளில் மெனக்கெட்டு முகத்துக்கெல்லாம் பெயர் போட்டவர்கள் இருந்தார்கள். 2016-இல் கூகுள் அதைக் கைவிட்டது. அந்த உழைப்பை இன்னொரு மென்பொருளுக்கு மாற்ற என்னிடம் வந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஃபோல்டர் பெயர் எந்தக் கம்பெனியையும் நம்பி இல்லை.

பகிர்வதைப் பற்றி ஒன்றே ஒன்று. குடும்பத்துக்கு ஆல்பம் லிங்க் அனுப்பினால், அந்த லிங்க் கையில் கிடைத்த யாரும் பார்க்கலாம். விசேஷம் முடிந்ததும் பகிர்வை அணைத்துவிடுங்கள்.

டீச்சர் கதைக்கு வருகிறேன். வத்தலக்குண்டில் இருக்கும் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் ஏழு படம் அனுப்பியிருந்தார், அது மட்டும் கிடைத்தது. நாலு எம்பி இருந்திருக்க வேண்டிய படம் இருநூற்றுச் சொச்சம் கேபியாக வந்து நின்றது. எடுத்த தேதியும் இல்லை. கோப்புப் பெயரில் இருந்தது அனுப்பிய நாள், அது தீபாவளி. அன்று 'டாக்குமெண்ட்' என்று தேர்வு செய்து அனுப்பியிருந்தால் அசல் படமே தங்கையின் போனில் இருந்திருக்கும்.

"சட்டம் போட்டு மாட்டணும் தம்பி, பெரிசா போட்டுக் குடுங்க" என்றார். பன்னிரண்டுக்குப் பதினெட்டில் போட்டுத் திரையில் காட்டினேன். வீட்டுக்காரரின் முகமும் பின்னால் இருந்த பூவும் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் போஸ்ட்கார்டு அளவில் ஏழும் போட்டுக் கவரில் கொடுத்தேன். பேரன் அரையாண்டு லீவுக்கு வரும்போது அவனைக் கடைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், ஹார்ட் டிஸ்கோடு.