சிபிடி எங்கே கைகொடுக்கும், எங்கே கொடுக்காது

"பாசிட்டிவா யோசிக்கச் சொல்லுவீங்க, அவ்வளவுதானே சார்?" சிபிடி என்ற மனநலச் சிகிச்சைக்கு வருபவர்களில் பலர் முதல் நாளே இப்படிக் கேட்டுவிடுவார்கள். அவ்வளவுதான் என்றால் நான் எதற்கு, தினசரி காலண்டர் பொன்மொழியே போதுமே!

முழுப்பெயர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வு உள்ளவர்களின் மனதில் தன்னிச்சையாக ஓடும் எண்ணங்களைக் கவனித்து இதை உருவாக்கினார். எண்ணத்துக்கு இனிப்புத் தடவுவதில்லை. அது சரிதானா என்று சோதித்துப் பார்க்கிறோம்.

பேனிக் அட்டாக்கோடு வந்தவர் ஒருவர். நெஞ்சு படபடத்தால் ஹார்ட் அட்டாக்தான் என்று பயம். இதயத்தில் கோளாறில்லை என்று மருத்துவர் பரிசோதித்துச் சொன்ன பிறகும் பயம் போகவில்லை. எங்கே போனாலும் வாசலோரம்தான் உட்காருவார், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். தன்னைக் காப்பாற்றுவது அந்தப் பாட்டில்தான் என்று நம்பினார். ஐந்தாவது அமர்வில் அதை வெளியே வைத்துவிட்டு, இருவரும் நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடினோம். அதே படபடப்பு வந்தது. உட்காரவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. சிறிது நேரத்தில் தானாக அடங்கியது. "இவ்வளவுதானா?" என்றார். எனக்குத்தான் அவரைவிட அதிகமாக மூச்சு வாங்கியது.

பதற்றம், ஓசிடி (வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு), மிதமான மனச்சோர்வு ஆகியவற்றுக்கு சிபிடி நன்றாகவே உதவுகிறது. பெரும்பாலும் 12 முதல் 20 அமர்வுகள். பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே இதைத்தான் தொடங்க வேண்டும் என்று 2016இல் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர்கள் அமைப்பு பரிந்துரைத்தது. சிகிச்சை முடிந்த பிறகும் கற்ற பயிற்சி கையில் இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

ஆனால் வீட்டுப்பாடம் உண்டு: மனதில் ஓடும் எண்ணத்தையும், அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்பதையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். நோட்டு வெறுமையாகத் திரும்பி வந்தால் சோம்பல் என்று நான் நினைப்பதில்லை. கடுமையான மனச்சோர்வில் பேனாவே பாரம். அப்போது எண்ணங்களை ஓரமாக வைத்துவிட்டு, காலையில் எழுந்து குளிப்பதில் தொடங்குவோம். பெரும்பாலும் மருந்தும் சேர வேண்டியிருக்கும். தீவிர மனச்சிதைவிலோ இருமுனைக் கோளாறின் எழுச்சிக் கட்டத்திலோ (மனநிலை அளவுக்கு மீறி உச்சத்தில் இருக்கும் காலம்) மருந்துதான் முதலில். தற்கொலை எண்ணம் இருந்தால் அடுத்த அமர்வு வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. ஒரு பெண் எழுதி வந்த எண்ணம்: "வீட்டுக்குப் போக நேரமானால் கணவர் அடிப்பார்." அதற்கு ஆதாரம் கேட்கும் கட்டம் நிரம்பியிருந்தது, எதிரான ஆதாரத்துக்கான கட்டம் காலி. நோட்டை மூடிவிட்டேன். எண்ணத்தில் பிழையே இல்லை, வீட்டில்தான் பிழை. பாதுகாப்பான இடம், சட்ட உதவி பற்றித்தான் அன்று பேசினோம். அங்கே உட்கார்ந்து எண்ணத்தை அலசுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சிகிச்சை தொடங்கும்போதே, "என் பிரச்சினைக்கு இது பொருந்துமா? எத்தனை வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள். ஏழெட்டு அமர்வு தாண்டியும் அசைவே இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.