ஈடுசுழற்சி: ‘ட்ரக்கிங்’ என்ற சொல்லும் அதன் தமிழும்

தொலைகாட்டியை ஏந்தித் திருப்பும் கருவிதான் மவுண்ட். மோட்டர் பூட்டிய மவுண்டுகளின் விபரத்தாளில் ‘ட்ரக்கிங் துல்லியம்’ என்றொரு வரி இருக்கும். தமிழில் எழுதும்போது அதைப் ‘பின்தொடரும் துல்லியம்’ என்று ஆக்கிவிடுகிறோம். வாங்குபவர் ஏமாறுவது அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒருவரைப் பின்தொடர வேண்டுமென்றால் அவர் கண்ணில் பட வேண்டும். அவர் ஒழுங்கைக்குள் திரும்பினால் நாமும் திரும்ப வேண்டும். மவுண்டின் மோட்டருக்குக் கண் இல்லை. வெள்ளி, அதாவது விண்மீன், படத்தின் நடுவில் நிற்கிறதா, விலகிப் போய்விட்டதா, முகிலுக்குள் மறைந்துவிட்டதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. சொல்லிவிட்ட வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

‘ட்ரக்’ என்ற சொல் 15ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. குதிரை நடந்துபோன சுவடு என்பது அதன் பொருள். சுவட்டைப் பார்த்துப் பார்த்து விலங்கின் பின்னே போவது ‘ட்ரக்கிங்’. நம்முடைய ‘தடம்’ இதற்கு நேர் நிகர். பொதி எங்கே வருகிறது என்று பார்ப்பதற்கும், தொலைந்த கைபேசியைத் தேடுவதற்கும் ‘தடமறிதல்’ அழகாகப் பொருந்தும். மவுண்டுக்குப் பொருந்தாது. வெள்ளி தன் இடத்தில் நிற்க, பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அதே வேகத்தில் தொலைகாட்டியைக் கிழக்கிலிருந்து மேற்காகச் சுழற்றி, அந்தச் சுழற்சியை ஈடுசெய்வதே மவுண்டின் வேலை.

‘ஈடு’ என்ற சொல் யாழ்ப்பாணத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. காணியை ஈடு வைக்கிறோம். அங்கே அது கடனுக்குச் சமமான பெறுமதி. மாட்டுவண்டிச் சவாரியில் ஒரு சோடி மற்றச் சோடிக்கு ஈடுகொடுத்து ஓடுகிறது. அங்கே அது சமமான வேகம். இரண்டு பொருளும் மவுண்டுக்கு வேண்டியவை. ஆகவே ‘ட்ரக்கிங்’குக்கு ஈடுசுழற்சி, ‘ட்ரக்கிங் துல்லியத்துக்கு’ ஈடுசுழற்சித் துல்லியம். ‘பின்தொடர்தல்’ வீணாகப் போகத் தேவையில்லை. வழிகாட்டிக் கமரா ஒன்றைப் பூட்டி, வெள்ளியைப் பார்த்துப் பார்த்து மோட்டரைத் திருத்துவதைக் ‘கைடிங்’ என்கிறார்களே, உண்மையில் பின்தொடர்வது அதுதான். அந்தச் சொல்லை அதற்கே கொடுத்துவிடலாம்.

ஓர் அச்சு வானத்தின் துருவத்தை நோக்கி நிற்கும் ‘ஈக்குவட்டோரியல் மவுண்ட்’ பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இலத்தீனில் அந்த மூலச்சொல் பகலையும் இரவையும் சமமாக்குவது என்ற பொருளுடையது. மத்தியகோட்டுக்கு அப்படித்தான் பெயர் வந்தது. ‘மத்தியகோட்டுத் தாங்கி’ என்று மொழிபெயர்த்தால் சொல் சரி, பயன் குறைவு. பூட்டுபவர் கையால் திருப்பித் திருப்பிச் சரிபார்ப்பது துருவத்தை நோக்கிய அச்சை. அதோடு, இங்கே தாங்கி என்றால் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்த் தாங்கி. ‘துருவ அச்சு ஏந்தி’ என்றால் குழப்பமில்லை.

இனி வேகம். வெள்ளிகளை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு சுற்றை 23 மணி 56 நிமிடம் 4 செக்கனில், அதாவது 86,164 செக்கனில் முடிக்கிறது. பஞ்சாங்கக் கணக்கில் பழகிய பாகை, கலை, விகலையே இதற்கும் அளவு: 1 பாகை 60 கலை, 1 கலை 60 விகலை. முழுச்சுற்று 12,96,000 விகலை. வகுத்தால் செக்கனுக்கு 15.041 விகலை. சூரியனுக்கு 15.000, சந்திரனுக்கு ஏறத்தாழ 14.5. கைக்கட்டுப்பாட்டுக் கருவியில் மறதியாகச் சூரிய வேகத்தில் விட்டுவிட்டு நெபுலாவைப் படமெடுத்தால், 5 நிமிடத்தில் 12 விகலை இழுபடும். மவுண்டில் ஒரு குறையும் இருக்காது.

கண்ணில்லாத இந்தச் சுழற்சி மோட்டருக்கு முந்தியது. 1824இல் டோர்பாற்றில், இன்றைய எஸ்தோனியாவின் தார்த்துவில், ஜேர்மன் ஒளியியல் வல்லுநர் பிரவுன்ஹோபர் செய்த 24 சென்ரிமீற்றர் தொலைகாட்டி நிறுவப்பட்டது. இன்று ‘ஜேர்மன் மவுண்ட்’ என்று விற்கப்படுவதன் மூதாதை அது. அதன் துருவ அச்சைச் சுழற்றியது எடை தொங்கவிட்ட மணிக்கூட்டுப் பொறி.

ஈடுசுழற்சி எங்கே பிழைக்கிறது? பெரும்பங்கு வோர்ம் என்று கடைகளில் சொல்லப்படும் திருகுப் பல்லில். மோட்டர் வோர்மைச் சுழற்றும். வோர்ம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் பெரிய பற்சில்லு ஒரு பல் நகரும். பற்சில்லில் 180 பல் இருந்தால் வோர்மின் ஒரு சுற்றுக்கு 86,164 ÷ 180 = 479 செக்கன், ஏறத்தாழ 8 நிமிடம். 144 பல் என்றால் 598 செக்கன். வோர்ம் இம்மியும் பிசகாத உருளையாக இருந்தால் வழுவே இல்லை. அப்படி ஒரு வோர்மைக் கடைந்தெடுக்க முடியாது. 50 மில்லிமீற்றர் ஆரமுள்ள பற்சில்லின் விளிம்பில் 1 விகலை என்பது 0.24 மைக்கிரோமீற்றர். வோர்மின் புரி 5 மைக்கிரோமீற்றர் முன்பின்னாக இருந்தாலே வானத்தில் 20 விகலை ஆகிவிடும்.

இந்தப் பிழை ஒவ்வொரு வோர்ம் சுற்றிலும் அதே இடத்தில் அதே அளவில் திரும்பி வரும். இதற்கு ஆவர்த்தன வழு என்று பெயர். இரண்டு சொல்லும் பள்ளிக்கூடத்தில் படித்தவை: ஆவர்த்தன அட்டவணை, பூச்சிய வழு. ஆவர்த்தனம் என்றால் சுற்றி வந்து தொடங்கிய இடத்தைச் சேர்வது. கோயில் வீதியில் தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாளத்தின் ஒரு முழு வட்டம் ஓர் ஆவர்த்தனம். வோர்மின் 8 நிமிடமும் அப்படியொரு வட்டம். ‘வழு’ இன்னும் பொருத்தம். வழுவுதல் என்றால் நழுவுதல். வெள்ளி படத்தில் செய்வதும் அதையே.

விபரத்தாளில் ஒரே வழு மூன்று எண்ணாக வரலாம். சைன் அலைபோல் ஏறி இறங்கும் வழு ஒன்றை ±15 விகலை என்று எழுதலாம். உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 30 என்றும் எழுதலாம். இடைவர்க்க மூலமாக, அதாவது வர்க்கங்களின் சராசரிக்கு மூலம் எடுத்து, 10.6 என்றும் எழுதலாம். மூன்றும் உண்மை. ‘10 விகலைத் துல்லியம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது எந்த 10 என்று கேட்காமல் காசு கொடுக்கக் கூடாது.

படத்தில் இது எப்படித் தெரியும்? முதலில் ஒரு பிக்சல் எத்தனை விகலை என்று பாருங்கள். பிக்சல் அளவை மைக்கிரோமீற்றரில் எடுத்து, 206 ஆல் பெருக்கி, குவியத்தூரத்தின் மில்லிமீற்றரால் வகுக்க வேண்டும். 3.76 மைக்கிரோமீற்றர் பிக்சல், 400 மில்லிமீற்றர் குவியத்தூரம் என்றால் 1.94 விகலை. மோட்டரை நிறுத்திவிட்டால், பூமியின் மத்தியகோட்டுக்கு நேர்மேலே வானத்தில் ஓடும் வான மத்தியகோட்டில் உள்ள வெள்ளி செக்கனுக்கு 8 பிக்சல் ஓடும். மோட்டர் ஓடும்போது ±15 விகலை வழு, 479 செக்கன் வட்டத்தில், மிக வேகமாக மாறும் நேரத்தில் செக்கனுக்கு 0.2 விகலை நழுவும். 30 செக்கன் படத்தில் 6 விகலை, அதாவது 3 பிக்சல். உச்சத்திலும் அடியிலும் நழுவல் ஏறத்தாழ இல்லை. அதனால்தான் அடுத்தடுத்து எடுத்த 16 படங்களில் சிலவற்றில் வெள்ளி உருண்டையாகவும் சிலவற்றில் முட்டைபோலவும் இருக்கும், 8 நிமிடத்தில் திரும்ப அதே ஒழுங்கு வரும். இழுபாடு கிழக்கு–மேற்காக இருந்து, ஒழுங்கும் திரும்ப வந்தால் வோர்ம். எல்லாப் படத்திலும் ஒரே பக்கமாக இழுபட்டால் துருவ அச்சு சரியாக வைக்கப்படவில்லை. திடீரென ஒரே ஒரு படம் துள்ளியிருந்தால் பல்லிடுக்கில் மண் இருக்கலாம்: மண்துகள் வோர்மில் ஒட்டியிருந்தால் ஒவ்வொரு வட்டத்திலும் துள்ளும், பெரிய பற்சில்லில் ஒட்டியிருந்தால் அந்த இரவில் ஒருமுறைதான். மணற்காட்டு மணல்மேட்டில் மவுண்டைத் திறந்து கிறீஸ் பூச வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

வழுவை அளப்பதற்குக் காசு செலவில்லாத ஒரு வழி உண்டு. தை, மாசி முன்னிரவில் ஓரியனின் இடுப்புப் பட்டியில் மேற்குக் கோடியில் உள்ள வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வான மத்தியகோட்டிலிருந்து 1 பாகைகூட விலகவில்லை. அது உச்சிக்கோட்டுக்கு, அதாவது வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோட்டுக்கு, கிட்ட வரும்போது துருவ அச்சை வேண்டுமென்றே கிழக்காகவோ மேற்காகவோ 2 பாகை திருப்பிவிட்டு, வோர்ம் ஒரு சுற்று முடியும்வரை கமராவைத் திறந்து வையுங்கள். அச்சுப் பிழையால் வெள்ளி வடக்கு–தெற்காகக் கோடு இழுக்கும், 8 நிமிடத்தில் ஏறத்தாழ 130 பிக்சல். ஆவர்த்தன வழு அந்தக் கோட்டைக் கிழக்கும் மேற்குமாக நெளிக்கும். நெளிவின் அகலம் 16 பிக்சல் என்றால் 16 × 1.94 = 31 விகலை, உச்சத்திலிருந்து உச்சத்துக்கு. துருவத்துக்குக் கிட்ட உள்ள வெள்ளியில் அளந்தால் வழு குறைவாகத் தெரியும். வடக்கே 60 பாகை விலகிய வெள்ளியில் சரி பாதிதான் காட்டும்.

யாழ்ப்பாணம் 9 பாகை 40 கலை அகலக்கோட்டில் இருக்கிறது. வான மத்தியகோடு இங்கே தலைக்கு மேலே, 80 பாகை உயரத்தில் உச்சிக்கோட்டைக் கடக்கிறது. நமக்கு வசதியாகக் கிடைக்கும் ஓரியன் நெபுலாவும் திருவாதிரையைச் சூழ்ந்த வானமும் வழு முழுதாகத் தெரியும் பகுதியில் உள்ளவை. ஐரோப்பியர் ஒருவர் வட துருவப் பக்கத்து விண்மீன்கூட்டத்தை எடுத்து ‘என் மவுண்டில் குறையே இல்லை’ என்று எழுதியிருந்தால், அதே மவுண்ட் இங்கே அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

துருவ வெள்ளி இங்கே 9 பாகையிலிருந்து 10 பாகைக்குச் சற்று மேல்வரை மட்டும் ஏறி இறங்கும். ஒரு பனை, ஒரு மாடி வீடு போதும் மறைப்பதற்கு. தெரிந்தாலும் அந்த உயரத்தில் வளிமண்டலம் அதை 5 கலைக்குமேல் தூக்கிக் காட்டுகிறது. துருவ அச்சு 1 கலை பிழைத்தால் வெள்ளி நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.26 விகலை விலகும். 5 கலை என்றால் 1.3. வடக்கு மறைந்த முற்றத்தில் நகர்வைப் பார்த்துத் திருத்துவதே நம்பகமானது. உச்சிக்கோட்டில், மத்தியகோட்டுக்குக் கிட்ட உள்ள வெள்ளி தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே கூடிவிட்டது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நகர்ந்தால் மறுபக்கம். பிறகு கிழக்கில் தாழ நிற்கும் வெள்ளி: தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்துவிட்டது, உயர்த்துங்கள், வடக்கே நகர்ந்தால் இறக்குங்கள். மணலில் முக்காலியின் கால் இரவிரவாகப் புதையும். ஒவ்வொரு காலுக்கும் கீழே கொங்கிறீட் கல்லொன்று வைக்காவிட்டால் இந்த வேலை முழுவதும் நள்ளிரவில் கெட்டுவிடும். 10 பாகைக்கு இறக்கிய மவுண்டில், தொலைகாட்டியின் பாரத்தைச் சமன்செய்யும் எதிர்நிறைத் தண்டு முக்காலிக் காலில் முட்டுவதும் வழக்கம். இடையில் ஒரு குறுந்தூண் பூட்டினால் தீரும்.

வோர்முக்கும் பற்சில்லுக்கும் இடையிலான பிடியை இறுக்கினால் வழு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையாது. இறுக்கம் கூடினால் மோட்டர் திக்கித் திக்கிப் போகும். தளர்ந்தால் சோளகக் காற்றுக்குக் குழாய் ஆடும். அலன் சாவியால் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், முழு 360 பாகையும் ஓடவிட்டுப் பாருங்கள். பற்சில்லும் சரிவட்டமாக இருக்காது. ஓரிடத்தில் நன்றாக இருப்பது இன்னோரிடத்தில் இறுகும். கிழக்குப் பக்கத்தைச் சற்றுப் பாரமாக விட்டால் பல் எப்போதும் ஒரே முகத்தில் அழுந்தியிருக்கும்.

ஆவர்த்தனமாக வருவதை மனனம் செய்து ஈடுசெய்யும் வசதி சில மவுண்டுகளில் உண்டு. ஒரு வட்டத்தின் வழுவைப் பதிந்து, அடுத்த வட்டங்களில் எதிர்த்திசையில் சேர்க்கும். வோர்ம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மவுண்ட் மறந்துவிட்டால், மின்சாரம் நின்று வந்த பிறகு இது நடக்கும், திருத்தம் தாளம் தப்பிப்போய் வழுவை இரட்டிப்பாக்கும். வோர்மின் நிலையைக் காட்டும் சுட்டி உணரி இல்லாத மவுண்டில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதியுங்கள்.

எவ்வளவு வழு பரவாயில்லை? இலக்கணத்தில் வழுவமைதி என்று ஒன்று படித்திருப்போம்: பிழைதான், ஆனாலும் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பொறியியலில் ‘டொலரன்ஸ்’ என்பதற்கு இதைவிடச் சிறந்த சொல் கிடையாது. பின்தொடர்தலோடு எடுக்கும் படத்துக்கு, எஞ்சும் வழுவின் இடைவர்க்க மூலம் அரைப் பிக்சலுக்குள் இருந்தால் அது வழுவமைதி. மேலே சொன்ன அமைப்பில் 1 விகலைக்குள். வழிகாட்டிக் கமரா 2 செக்கனுக்கு ஒரு படம் எடுத்தால் போதும். அரைச் செக்கனுக்குக் குறைத்தால் காற்றின் நடுக்கத்தையும் வெள்ளியின் நகர்வென்று எண்ணி மோட்டர் வீணாக ஆடும்.

வோர்முக்குப் பதிலாக வளைந்துகொடுக்கும் பற்சில்லால் இயங்கும், எதிர்நிறை வேண்டாத ‘ஹார்மோனிக்’ மவுண்டுகள் இப்போது வருகின்றன. முக்காலிக் காலில் முட்டும் தொல்லை இல்லை, தோளில் போட்டுக்கொண்டு காரைநகர்க் கடற்கரைக்குப் போகலாம். ஆனால் அவற்றின் ஆவர்த்தன வழு நல்ல வோர்ம் மவுண்டைவிடப் பெரிது. ஈடுசுழற்சியை மட்டும் நம்பி அவற்றில் நீண்ட படம் எடுக்க முடியாது. வழிகாட்டிக் கமராவின் விலையையும் மவுண்டின் விலையோடு கூட்டிப் பார்த்தபிறகே வாங்கலாமா என்று முடிவெடுங்கள்.